எடைக்குப் போட்ட கல்யாணம்

எழுதி ரொம்ப நாளாயிற்று. இன்று கொஞ்சம் நீளமான பதிவு. நாற்பது பேருக்கு வரலாறு சொல்லிக்கொடுத்த வாத்தியார், தன் வீட்டு வரலாற்றை எடைக்குப் போட்ட கதை இது. பொறுமையாகப் படியுங்கள்.

1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நாட்டில் கலர் டிவி வந்தது. பின்னாலேயே நம் தேவாரத்துக்கு 'டெக்கு' வந்து சேர்ந்தது. அப்போது நாம் மதுரை மாவட்டம். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் ராத்திரிக்கு வாடகை டிவி, ஒரு டெக்கு, மூன்று கேசட். விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏற வேண்டியவர்கள்கூட மூன்றாவது படம் முடியாமல் எழுந்திருக்க மாட்டார்கள். அந்தக் கேசட் ஒரிஜினலா, காப்பியா என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

இத்தனைக்கும் 1984-லேயே பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, திருட்டு கேசட்டுக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று ஆக்கிவிட்டார்கள். நம் மாநிலத்தில் 2004-ல் திருட்டு வீடியோ தொழில் செய்பவர்களைக் குண்டர் தடுப்புச் சட்டத்திலும் சேர்த்தார்கள்.

சரி, நியாயமாகக் காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினலைப் பார்த்து முடித்தபின் விற்கலாமா? இங்கேதான் விஷயம் இருக்கிறது. பழைய புத்தகம் என்றால் தாராளமாக விற்கலாம். அண்ணன் படித்த கோனார் நோட்ஸைத் தம்பி பாதி விலைக்கு வாங்குவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. சினிமாவுக்கு அப்படி இல்லை. 1994 திருத்தம், ஏற்கெனவே ஒருமுறை விற்ற பிரதியாக இருந்தாலும் அதை விற்கும் உரிமையும் வாடகைக்கு விடும் உரிமையும் படத்தின் உரிமையாளருக்கே என்றது. 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம், வெளிநாட்டில் முறையாக வாங்கி வந்த டிவிடிகளைக்கூட அனுமதியில்லாமல் வாடகைக்கு விடக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2012 திருத்தத்தில் 'ஏற்கெனவே விற்ற பிரதியாக இருந்தாலும்' என்ற பகுதியை எடுத்துவிட்டார்கள். வியாபாரமாக வாடகைக்கு விட இன்றும் அனுமதி வேண்டும். பழைய ஒரிஜினலை விற்பது பற்றி வழக்கறிஞர்களிடையே இன்னும் விவாதம் உண்டு. காப்பி அடித்த வட்டை விற்பதில் விவாதமே இல்லை, அது குற்றம்.

இனி என் கதை.

போன வருடம் வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போது பரணிலிருந்து ஒரு சாக்கு கேசட்டை இறக்கினேன். டெக்கு கெட்டுப்போய்ப் பல வருடமாயிற்று. உலகத்தில் கடைசியாக டெக்கு தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016-ல் நிறுத்திவிட்டது. இனி எதில் போட்டுப் பார்ப்பது என்று தெருவில் வந்த பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டேன். பிளாஸ்டிக் விலைதான்.

நாலு மாதம் கழித்து, இப்போது திருப்பூரில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். ஆன்லைனில் பழைய வீடியோ கேசட்டுகள் விற்பனைக்கு. "சார், இந்த லேபிளைப் பாருங்க. கரும்பலகையில நாங்க பாத்த அதே எழுத்து."

என் எழுத்துதான். 'தங்கச்சி கல்யாணம், 1991.'

கேசட் ஓடுகிறது என்று காட்ட அரை நிமிடக் காட்சியும் போட்டிருந்தார்கள். பந்தியில் சாப்பிடும் பெண்பிள்ளைகள், இலை போடச் சொல்லிச் சத்தம் போடும் என் அம்மா. அம்மா போய்ப் பத்து வருடமாகிறது. முன்பின் தெரியாத எத்தனையோ பேர் அதைப் பார்த்திருந்தார்கள். தங்கச்சியிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "அண்ணே, அதுல அவரு இருப்பாருல்ல?" என்றாள். மாப்பிள்ளை இறந்து ஆறு வருடம். அவர் நடந்து, பேசி, சிரித்த படம் வேறு எங்கும் இல்லை. அதைத்தான் நான் எடை போட்டிருக்கிறேன்.

விற்ற பையனிடம் பேசினேன். நல்ல பிள்ளை, உடனே காட்சியை எடுத்துவிட்டான். சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னவரே அதன் முதல் உரிமையாளர். அதாவது நான் விற்றது பிளாஸ்டிக்கை மட்டும். உள்ளே இருக்கும் படத்தின் உரிமையை அல்ல. ஆனால் சட்டத்தை மட்டும் பேசி என்ன? அந்தப் பந்தியில் இருந்த நூறு பேரும் சொந்தக்காரர் வீட்டுக் கேமரா என்று நம்பி உட்கார்ந்தவர்கள். அந்த நம்பிக்கையை முதலில் விற்றது அந்தப் பையன் இல்லை, நான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் எடுத்து வைத்திருக்காவிட்டால் அந்தக் கேசட் உருகி வாளியாகியிருக்கும். 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்'. இன்று பார்க்க ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை. யாராவது ஒருவர் பத்திரப்படுத்தியிருந்தால் கிடைத்திருக்கும். பழசைக் கைமாற்றுகிறவர்கள் எல்லோரும் தப்பானவர்கள் இல்லை.

500 ரூபாய் கொடுத்துத் திரும்ப வாங்கினேன். மதுரையில் கொடுத்துப் பென் டிரைவில் ஏற்றினேன். பூஞ்சை பிடித்துத் தாலி கட்டும் காட்சி போய்விட்டது. மறுவீடு முழுதாக இருக்கிறது. மாப்பிள்ளை ஒரு இடத்தில் கேமராவைப் பார்த்து ஏதோ சொல்கிறார், சத்தம் தெளிவில்லை. தங்கச்சி அந்த இடத்தையே திரும்பத் திரும்ப வைத்துப் பார்க்கிறாள்.

ஆகவே பிள்ளைகளே, கேசட், சிடி, மெமரி கார்டு, பழைய போன் எதை விற்பதானாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அழித்தாலும் மீட்டெடுக்க வழி உண்டு. அடுத்தவர் வீட்டு வீடியோ கையில் கிடைத்தால் இணையத்தில் ஏற்றுமுன் ஆளைத் தேடுங்கள். பணம் 'வாங்க' கியூஆர் கோடு ஸ்கேன் செய்யச் சொன்னால் ஏமாற்று வேலை. ஏமாந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு சாக்கு இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்கள். பென் டிரைவில் மாற்ற வழி தெரியாவிட்டால் என்னிடம் கொண்டுவாருங்கள், மதுரைக்கு நானே எடுத்துப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார், தேவாரம்.