சலீம் அகமது சலீம்

சலீம் அகமது சலீம் (பிறப்பு: 1942, சான்சிபார்) தான்சானியாவின் தூதராகத் தொடங்கி வெளியுறவு அமைச்சரும் பிரதமரும் ஆனவர். தங்கனிக்காவும் சான்சிபாரும் ஒரே நாடாக இணைந்த 1964இலேயே, 22 வயதில், எகிப்துக்குத் தூதராக அனுப்பப்பட்டார். மறு ஆண்டு இந்தியாவுக்கு ஹைகமிஷனராக வந்தார். 1968 வரை நீடித்த அந்தப் பதவிக்காலத்தில் டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் படித்தார்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது 1970 முதல் 1980 வரையிலான ஐ.நா. பணி. பிற்பாடு அவர் வழியை மறித்ததும் அதுதான். 1971 அக்டோபர் 25 அன்று, தைவான் வசமிருந்த இடத்தை மக்கள் சீனத்துக்கு வழங்கும் தீர்மானம் 76க்கு 35 என்ற வாக்குகளில் வென்றபோது ஆப்பிரிக்கப் பிரதிநிதிகள் ஆரவாரம் செய்தனர். சலீம் நடனமே ஆடினார் என்று அமெரிக்காவில் செய்தி பரவியது. அப்போது அமெரிக்கத் தூதராக அவையில் தோற்றவர் ஜார்ஜ் புஷ்.

1972 முதல் காலனி ஒழிப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கிய சலீம், 1979இல் பொதுச்சபைத் தலைவரானார். அமெரிக்காவுக்கு எதிரானவர் என்று மட்டும் அவரைச் சுருக்கிவிட முடியாது: ஆப்கானிஸ்தானிலிருந்து அந்நியப் படைகள், அதாவது சோவியத் படைகள், வெளியேற வேண்டும் என்ற 1980 ஜனவரித் தீர்மானம் அவர் தலைமையில்தான் 104 வாக்குகளுடன் நிறைவேறியது.

1980இல் அதிபர் ஜூலியஸ் நியெரேரே அவரை வெளியுறவு அமைச்சராக்கினார். மறு ஆண்டே ஐ.நா. பொதுச்செயலாளர் பதவிக்குப் போட்டியிட்டார். மூன்றாம் முறை பதவி கேட்ட குர்ட் வால்ட்ஹைமைச் சீனா வீட்டோவால் தடுத்தது. சலீமை அமெரிக்கா தடுத்தது. புஷ் அப்போது துணை அதிபர். சுற்றுக்குப் பின் சுற்றாக வாக்கெடுப்பு நடந்தும் முடிவு வரவில்லை. டிசம்பரில் இருவரும் ஒதுங்க, பெரு நாட்டு ஹாவியர் பெரேஸ் டி குயேலர் தேர்வானார்.

1984 ஏப்ரலில் பிரதமர் எட்வர்ட் சொகோய்னே கார் விபத்தில் இறந்ததும் சலீம் பிரதமரானார். மறு ஆண்டு நவம்பர் வரை இருந்தார். 1989 முதல் 2001 வரை, வேறு எவரையும்விட நீண்ட காலம், ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் பொதுச்செயலாளர். உறுப்பு நாடுகளின் உள்விவகாரத்தில் தலையிடாமை என்ற பழைய வரம்பைத் தளர்த்தி, 1993இல் மோதல் தடுப்புக்கென ஓர் ஏற்பாடு உருவாக அவர் முனைந்தார். அடுத்த ஆண்டே ருவாண்டா இனப்படுகொலை அதன் பலவீனத்தைக் காட்டிக்கொடுத்தது.

2005இல் ஆளுங்கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் ஜகாயா கிக்வேதேயிடம் தோற்றார். டார்பூர் பேச்சுவார்த்தையில் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தூதராக அவர் நடுவராக இருந்து 2006 மே மாதம் அபுஜாவில் கண்ட உடன்பாட்டில், சூடான் அரசுடன் கிளர்ச்சியாளரில் ஒரு பிரிவு மட்டுமே கையெழுத்திட்டது.