வந்து போனவர் கணக்கு

பொது நூலகத்துக்குப் போனால் வாசலில் ஒரு நோட்டு இருக்கும். பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போவோம். மாதக் கடைசியில் இத்தனை பேர் வந்தார்கள் என்று நூலகர் கணக்கு அனுப்புவார். எந்த அலமாரி முன் எத்தனை நிமிடம் நின்றோம் என்று யாரும் பின்னாலேயே வந்து குறித்துக்கொண்டதில்லை. இணையதளங்களில் வருகைக் கணக்கு எடுக்கும் வழக்கமும் வாசல் நோட்டாகத்தான் தொடங்கியது. அது பின்னாலேயே வரும் ஆளாக மாறிய கதையைச் சொல்கிறேன். சங்கத்துக்கோ கடைக்கோ தளம் வைத்திருக்கும் நண்பர்கள் எந்தக் கருவியைப் போடலாம் என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் இந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, அதை அனுப்பும் சர்வர் கணினி தன் பதிவேட்டில் ஒரு வரி எழுதிக்கொள்ளும். எந்த ஐ.பி. முகவரி, எத்தனை மணி, எந்தப் பக்கம், அவ்வளவுதான். 1995-ல் கேம்பிரிட்ஜில் இருந்த ஸ்டீபன் டர்னர், இந்த வரிகளைக் கூட்டிப் பட்டியல் போட்டுத் தரும் ‘அனலாக்’ என்ற மென்பொருளை எழுதி இலவசமாகக் கொடுத்தார். நோட்டும் கணக்கும் தளத்துக்காரரிடமே இருந்தன.

அதற்கு ஓராண்டு முன்பே, 1994-ல், நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொண்டுல்லி ‘குக்கி’யைக் கண்டுபிடித்திருந்தார். வந்தவரின் கணினியில் வைக்கப்படும் சிறு அடையாளச் சீட்டு அது. அவர் மறுபடி வரும்போது “நேற்று வந்தவர்தான்” என்று அது காட்டிக்கொடுக்கும். பிறகு பக்கத்துக்குள்ளேயே ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்ட் நிரலைச் செருகி, வந்தவரின் விவரங்களை வேறொரு நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பும் முறை பரவியது.

அமெரிக்காவின் சான் டியேகோவில் ‘அர்ச்சின்’ என்றொரு நிறுவனம் இந்தக் கணக்கு மென்பொருளை விற்றுவந்தது. 2005-ல் கூகுள் அதை வாங்கி, அதே நவம்பரில் கூகுள் அனலிடிக்ஸ் என்ற பெயரில் இலவசமாக்கியது. கூட்டம் தாங்காமல் சில நாட்களிலேயே புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. வாட்ஸ்அப்பில் வரும் இணைப்புகளின் வாலில் ‘யுடிஎம்’ என்ற எழுத்துகள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள ‘யு’ அந்த அர்ச்சின்தான்.

இலவசம் என்றதும் கோயில் தளம் முதல் மருத்துவமனைத் தளம் வரை எல்லோரும் செருகிக்கொண்டார்கள். நோட்டு தளத்துக்காரர் கையைவிட்டு மூன்றாம் ஆளிடம் போனது. இரவில் தூக்கம் வராமல் தன் நோயைப் பற்றிப் படிப்பவரும், மகளின் விவாகரத்துக்குச் சட்டம் தேடும் தகப்பனும் அந்த நோட்டில் ஏறினார்கள். அது அவர்களுக்குத் தெரியாது.

இதற்கு இரண்டு மாற்றுகள் வந்தன. முதலாவது ஓப்பன் சோர்ஸ், அதாவது நிரலை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம் என்ற வழி. மத்தியூ ஓப்ரி 2007-ல் தொடங்கிய ‘பிவிக்’ அத்தகையது. 2018-ல் அதன் பெயர் ‘மாட்டோமோ’ ஆனது. அதை நம் சொந்தச் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். நோட்டு வீட்டுக்குத் திரும்பியது.

இரண்டாவது, அந்தரங்கத்தை முன்வைக்கும் வழி. 2018 மே 25 முதல் ஐரோப்பாவில் ஜி.டி.பி.ஆர். சட்டம் நடைமுறைக்கு வந்ததை ஒட்டி, எஸ்டோனியாவின் ‘பிளாசிபிள்’, கனடாவின் ‘ஃபாதம்’ போன்றவை தோன்றின. பிளாசிபிள் குக்கி வைப்பதில்லை. ஐ.பி. முகவரியை ஒரு ரகசிய எண்ணோடு கலந்து குழப்பி அன்றைய கணக்கை எடுத்துக்கொள்கிறது. அந்த எண் நாள்தோறும் மாறும், பழையது அழிக்கப்படும். இன்று வந்தவரே நாளை வந்தாலும் அதற்கு அடையாளம் தெரியாது.

இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் அதிகம். நிரல் திறந்திருந்தால் எப்படி எழுதுகிறார்கள் என்று தெரியும். அந்தரங்கம் என்பது எதை எழுதாமல் விடுகிறார்கள் என்பது. மாட்டோமோ திறந்த நிரல்தான், ஆனால் இயல்பான அமைப்பில் குக்கி வைக்கும். கூடுதல் கருவியைச் சேர்த்தால் வந்தவர் எங்கே சொடுக்கினார் என்பதைக்கூடப் பதிவுசெய்யும். ஃபாதம் திறந்த நிரலாகத் தொடங்கிப் பிறகு மூடிய நிரலாக மாறியது. ஆனாலும் குக்கி இல்லாமல்தான் கணக்கெடுக்கிறது. பிளாசிபிளில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன.

பெயரைவிட அமைப்புதான் முக்கியம் என்பதை ஐரோப்பாவே காட்டியது. 2022 ஜனவரியில் ஆஸ்திரியாவும் பிப்ரவரியில் பிரான்சும், கூகுள் அனலிடிக்ஸ் வழியாக விவரங்கள் அமெரிக்கா போவது சட்டத்துக்குப் பொருந்தாது என்று தீர்ப்புச் சொன்னன. மாட்டோமோவைச் சொன்னபடி அமைத்துக்கொண்டால் பார்வையாளரிடம் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டாம் என்றது பிரான்ஸ். 2023 ஜூலையில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் புது உடன்பாடு செய்துகொண்டதால் கூகுளுக்கு இருந்த நெருக்கடி குறைந்தது. சட்டம் இறுகும், தளரும். அதை மட்டும் நம்பிக் கருவியைத் தேர்ந்தெடுக்க முடியாது.

அதனால் கேட்கும் நண்பர்களிடம் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்கிறேன். என்ன எழுதப்படுகிறது? அது யார் வீட்டில் இருக்கிறது? எப்போது அழிக்கப்படுகிறது? சர்வரைப் பராமரிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால், குக்கியை நிறுத்திவிட்டு மாட்டோமோவைச் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் மாதம் சிறு தொகை கொடுத்து பிளாசிபிள் போன்றதை எடுக்கலாம். இந்த மாதம் எத்தனை பேர், எந்தப் பக்கம் என்பது மட்டும் போதுமென்றால் சர்வரின் பழைய பதிவேடே தாராளம். நம்மில் பெரும்பாலோருக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.