கூரைப் பிணைப்பு

புயல் காற்று கூரையைத் தூக்கிவிடாதபடி அதைச் சுவரோடும், சுவர் வழியாக அடித்தளத்தோடும் கட்டிவைக்கும் கட்டுமான ஏற்பாடு கூரைப் பிணைப்பு எனப்படும். திருவள்ளூர் மாவட்டத்தில் ஓட்டு வீடுகளுக்கும், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றித் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஷீட் வீடுகளுக்கும் இது மிக அவசியம். இதே மாவட்டத்தில் ஆரணியாற்றங்கரையில் உள்ள ஊத்துக்கோட்டை கடலோர ஊர் அல்ல. ஆயினும் இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 (பகுதி 3, 2015) கடற்கரையிலிருந்து 60 கி.மீ. வரையுள்ள நிலத்தைப் புயல் தாக்கும் பகுதியாகக் கொள்கிறது. ஊத்துக்கோட்டை அதற்குள் வருகிறது.

காற்று முகட்டைக் கடக்கும்போது கூரையின் மேற்புறம் அழுத்தம் குறைந்து இழுப்பு உண்டாகிறது. கதவோ சன்னலோ உடைந்தால் உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் தள்ளும். 2016 டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரையைக் கடந்த வர்தா புயலில் காற்று மணிக்கு 110–120 கி.மீ. வேகத்தில் வீசியது. 120 கி.மீ. வேகக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 68 கிலோ. அதே பரப்புள்ள சிமென்ட் ஷீட்டின் எடை 15 கிலோவை ஒட்டியதே. தகரம் 5 கிலோகூட வராது. ஓரங்களிலும் மூலைகளிலும் இழுப்பு இன்னும் கூடுதல். மணல் மூட்டை, டயர், கல் ஆகியவற்றை ஏற்றிவைக்கும் வழக்கம் இதை ஈடுகட்டாது. உருண்டு விழும் கல்லால் உயிருக்கே ஆபத்து.

ஷீட்டை அதன் கீழுள்ள குறுக்குச் சட்டமான ரீப்பரோடு ஜே போல்ட் பிடிக்கிறது. ஓர வரிசைகளில் போல்ட்டுகளை நெருக்கமாகப் போட வேண்டும். ரீப்பரை அதைத் தாங்கும் சாய்சட்டமான கைமரத்தோடும், கைமரத்தைச் சுவரோடும் இரும்புப் பட்டையால் பிணைக்க வேண்டும். பெரும்பாலும் கோட்டைவிடப்படுவது இந்தக் கடைசி இடம்தான். கைமரத்தைச் சுவர்மேல் உட்காரவைத்துக் கலவை பூசுவது பிடிப்பு ஆகாது. ஹாலோ பிளாக் சுவரின் மேல் வரிசையில் மட்டும் போல்ட்டைப் புதைத்தால், கூரை அந்தக் கல்லையும் பெயர்த்துக்கொண்டு போகும். சுவரின் தலையில் கம்பி கட்டிய கான்கிரீட் பட்டி ஓட்டி, அதைச் செங்குத்துக் கம்பிகளால் அடித்தளத்தோடு இணைத்து, பட்டியில் நங்கூர போல்ட் பதிப்பதே சரியான முறை. தாழ்வான வீடுகளைப் புயல் தாங்கும்படி கட்டுவதற்கான வழிகாட்டுதல்கள் ஐ.எஸ். 15498 (2004) விதியில் உள்ளன. அமெரிக்காவின் ப்ளோரிடாவில் 1992ஆம் ஆண்டு ஆண்ட்ரூ சூறாவளிக்குப் பின்னரே இத்தகைய பிணைப்பு விதிகள் கடுமையாயின.

ஏற்கெனவே கட்டிய வீட்டிலும் கைமரத்துக்குப் பட்டை அடிக்கலாம். துருவேறிய ஜே போல்ட்டை மாற்றலாம். வாடகைக்கு விடுவோர் ஐப்பசி மழை தொடங்குமுன் இந்த வேலையை முடித்துத் தர வேண்டும்.