வகுப்பறையில் நம் இடம்

கல்வி வரலாறு எழுதப் புகுவோர் பள்ளிகளை எண்ணுவர், பயின்றோரை எண்ணுவர், பட்டம் பெற்றோரை எண்ணுவர். நம் சங்கம் 25 ஆண்டுகளைக் கடந்து நிற்கும் இவ்வேளையில் அத்தகைய கணக்குகளை நாமும் பெருமிதத்தோடு எடுத்துரைக்கின்றோம். எனினும் அவற்றுள் அடங்காத வரலாறு ஒன்று உண்டு. பள்ளிக்குள் நுழைந்த நம் பிள்ளை எந்த இடத்தில் அமர்ந்தது என்பதே அவ்வரலாறு.

உட்காரும் இடம் சிறு செய்தி எனச் சிலர் எண்ணக்கூடும். நம் முன்னோர் அவ்வாறு எண்ணவில்லை. நம்மை ஒதுக்கி வைத்தவர்களும் அவ்வாறு எண்ணவில்லை. ஊருக்கு வெளியே சேரி என்னும் அமைப்பு, வகுப்பறைக்குள் மூலை என்னும் பெயரில் மீண்டும் எழுந்தது. ஆகவே வாயிலைத் திறந்த போராட்டம் ஒரு பாதி. அறைக்குள் இடம் பெற்ற போராட்டம் மறு பாதி. இவ்விரண்டையும் இளைஞர்கள் அறிதல் வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை வரைகின்றோம்.

வாயிலைத் திறந்த வரலாறு

1856ஆம் ஆண்டில், அந்நாளைய பம்பாய் மாகாணத்துத் தார்வார் நகரில், மகார் வகுப்புச் சிறுவன் ஒருவன் அரசினர் பள்ளியில் சேர விண்ணப்பித்தான். ஒருவனைச் சேர்த்தால் பலர் பள்ளியை விட்டு விலகுவர் என்று கருதிய மாகாண அரசு அவனுக்கு இடம் மறுத்தது. வழக்கு மேலிடங்களுக்குச் சென்றது. 1858இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் அவை, அரசின் கல்விக்கூடங்கள் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்று அறிவித்தது. 1882இல் அமைந்த ஹண்டர் கல்விக்குழுவும், சாதியை மட்டும் காரணமாக்கி எவருக்கும் அரசுப் பள்ளியில் இடம் மறுத்தல் ஆகாது என்னும் கொள்கையை ஏற்றது. ஆயினும் நம்மவர் போதிய எண்ணிக்கையில் வாழும் இடங்களில் தனிப்பள்ளிகளோ தனி வகுப்புகளோ அமைக்கலாம் என்றும் அக்குழு கூறிற்று.

சென்னை மாகாணத்தில், செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்கீர் 1891இல் நம் மக்களின் நிலைபற்றி விரிவான அறிக்கை ஒன்றை எழுதினார். 1893ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பஞ்சமர் கல்விக்கெனத் தனி அரசாணை பிறந்தது. 1894இல் கர்னல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார்; இம்முயற்சியில் பண்டிதர் அயோத்திதாசருக்கும் பங்குண்டு. 1920க்குப் பின் தொழிலாளர் துறையின் பொறுப்பில் பள்ளிகள் பல எழுந்தன. அவற்றை நம் பெரியவர்கள் லேபர் ஸ்கூல் என்றே அழைத்தனர். இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அம்மரபில் வந்தவை.

தனிப்பள்ளி நமக்குத் தந்ததையும் தராததையும் நேர்மையோடு எடை போடுதல் தகும். அங்கே நம் பிள்ளை முதல் வரிசையில் அமர்ந்தது. ஆசிரியரின் கண் அதன்மேல் பட்டது. கரும்பலகைக்குச் சென்று எழுதியது. இது சிறு நன்மை அன்று. ஆனால் பிற வகுப்புப் பிள்ளைகளோடு ஒரே பலகையில் அமர்ந்து, பேசி, வாதிட்டு, வென்று, தோற்று வளரும் வாய்ப்பு அங்கே இல்லை. ஒரே பள்ளியில் இடம் வேண்டும் என்று நம் தலைவர்கள் விடாது கேட்டதன் காரணம் இதுவே.

மூலையும் சாக்கும்

பொதுப் பள்ளிக்குள் சென்றவர்களின் நிலை எவ்வாறு இருந்தது? அண்ணல் அம்பேத்கர் தம் சாதாரா பள்ளி நாள்களைப் பற்றி எழுதியிருப்பதை நாம் மறத்தல் கூடாது. தேர்ச்சி வரிசைப்படி மற்ற மாணவர்களிடையே அமர அவருக்கு உரிமை இல்லை. வகுப்பின் ஒரு மூலையில் தனியே, தாம் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாக்குத் துணியின்மேல் அவர் அமர்ந்தார். பள்ளியைத் துப்புரவு செய்யும் ஏவலாள் அத்துணியைத் தொட மாட்டான். ஆகவே மாலையில் அதை வீட்டிற்கு எடுத்துச் சென்று மறுநாள் மீண்டும் கொண்டுவர வேண்டியிருந்தது. அறிவினால் பெற்ற வரிசையைப் பிறப்பின் பெயரால் பறித்த கொடுமை இது. பின்னர்ப் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தபோது, அதன் பின்னே வைத்திருந்த தம் உணவுப் பெட்டிகளை எடுக்க மாணவர்கள் பாய்ந்தோடினர் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர்.

கோயம்புத்தூரில் பயின்ற தாத்தா இரட்டைமலை சீனிவாசன், 1939இல் வெளியிட்ட தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் மற்றொரு துயரைக் கூறுகின்றார். தம் சாதி வெளிப்பட்டுவிடுமோ என்னும் அச்சத்தால், மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே எங்கேனும் படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் எவரும் தம்மை எட்டாதபடி விரைந்து வீடு திரும்புவார். இங்கே இடம் மறுக்கப்படவில்லை; இருக்கை இருந்தது. ஆனால் அவ்விருக்கையில் அச்சமின்றி அமரும் உரிமை இல்லை.

நம் அண்டை நிலமான திருவிதாங்கூரில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மகாத்மா அய்யன்காளி பஞ்சமி என்னும் புலையர் சிறுமியை ஊருட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். அவள் வகுப்பில் அமர்ந்ததைப் பொறாதவர்கள் பள்ளிக்கே தீ வைத்தனர். எரிந்து எஞ்சிய பெஞ்சு ஒன்று அப்பள்ளியில் இன்றும் காக்கப்பட்டு வருகின்றது. 2022இல் அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி ஆகிய இருவரின் பெயரும் சூட்டப்பட்டது. ஒரு பெஞ்சின் விலை என்னவென்று கேட்போருக்கு அக்கரிந்த பலகை விடை கூறும்.

ஒரு நீதிமன்றம் கண்ட உண்மை

இருக்கைக்கும் கற்றலுக்கும் உள்ள தொடர்பை ஐயத்திற்கு இடமின்றி எடுத்துரைத்த தீர்ப்பு ஒன்று அமெரிக்க நாட்டில் பிறந்தது. ஜார்ஜ் மெக்லாரின் என்னும் கறுப்பினத்தவர் ஓக்லகோமா பல்கலைக்கழகத்தில் உயர்கல்வி பெறச் சேர்ந்தார். சேர்க்கை கிடைத்தது. ஆனால் வகுப்பறையை ஒட்டிய சிற்றறையில் அவர் தனியே அமர்த்தப்பட்டார். நூலகத்தில் தனி மேசை. உணவுக்கூடத்திலும் தனி மேசை. பாடம் அவர் காதில் விழுந்தது. ஆசிரியரும் அவரே, நூல்களும் அவையே. பின் குறை என்ன என்று பல்கலைக்கழகம் கேட்டது. 1950 ஜூன் திங்களில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் விடையளித்தது. இத்தகைய தனியிருக்கை அவருடைய படிப்பையும், பிற மாணவரோடு கலந்துரையாடிக் கருத்துப் பரிமாறும் ஆற்றலையும் தடைசெய்கின்றது என்று அது கூறிற்று. கற்றல் என்பது ஆசிரியரின் குரலைக் கேட்பது மட்டுமன்று. அருகில் இருப்பவனோடு பேசுவதும் கற்றலே என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டியது.

அதே 1950ஆம் ஆண்டு ஜனவரி 26 முதல் நம் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் இயற்றப்பட்டு, 1976 முதல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என வழங்கும் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தீண்டாமையின் பெயரால் கல்விக்கூடத்தில் இடம் மறுப்பதை மட்டும் குற்றமாக்கி நின்றுவிடவில்லை. சேர்த்த பின்னர் வேற்றுமை காட்டுவதையும் குற்றம் ஆக்கியது. வாயிலைக் கடந்த பின்னும் மூலை காத்திருக்கும் என்பதைச் சட்டம் இயற்றியோர் அறிந்திருந்தனர். இப்பிரிவை நம் இளைஞர் ஒவ்வொருவரும் நினைவில் கொள்ளல் வேண்டும்.

ஆய்வு கூறுவது

இனி, பகைமை ஏதும் இல்லாத வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். அங்கும் இருக்கை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கின்றது. ஆடம்ஸ், பிடில் என்னும் அறிஞர் இருவர் வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970இல் ஒரு முடிவை வெளியிட்டனர். ஆசிரியரின் கேள்வியும் மாணவரின் விடையும் பெரும்பாலும் முன் வரிசையிலும் நடுவில் பின்னோக்கிச் செல்லும் வரிசையிலுமே நிகழ்கின்றன என்பது அம்முடிவு. இரு புறமும் கடைசியிலும் இருப்போர் அதே அறையில் இருந்தும் பாடத்திற்கு வெளியே நிற்கின்றனர். ஆசிரியர் வேண்டுமென்று செய்வதன்று இது. கண் செல்லும் வழியே கேள்வியும் செல்கின்றது.

1981இல் வெல்டால் முதலானோர் இங்கிலாந்தில் நடத்திய ஆய்வில், மேசையைச் சுற்றிக் குழுவாக அமர்ந்தபோதைவிட வரிசையில் அமர்ந்தபோது பிள்ளைகள் தத்தம் வேலையில் மிகுதியாக ஊன்றினர் என்பது தெரிந்தது. 1999இல் மார்க்ஸ், ஃபூரர், ஹார்ட்டிக் ஆகியோர் நான்காம் வகுப்பு மாணவரை ஆராய்ந்தபோது, வரிசையில் இருந்ததைவிட அரைவட்டத்தில் இருந்தபோது அவர்கள் மிகுதியாகக் கேள்வி கேட்டனர் என்பது புலப்பட்டது. இவை ஒன்றையொன்று மறுப்பன அல்ல. தனியே கணக்குப் போடவும் எழுதவும் வரிசை ஏற்றது. கேட்டுப் பேசி அறிய அரைவட்டம் ஏற்றது. சேர்ந்து ஒரு பணியைச் செய்யக் குழு ஏற்றது. வேலைக்கேற்ப இருக்கை மாறுதல் வேண்டும் என்பதே இவற்றின் சாரம்.

நம் மாநிலத்தின் அண்மைக்கால அனுபவம்

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையில், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பாய்களின்மேல் சிறு குழுக்களாக அமர்ந்தனர். ஆசிரியரும் அவர்களோடு தரையில் அமர்ந்தார். பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகைகள் அமைந்தன. கரும்பலகையைத் தொட அஞ்சி நின்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு இது வாய்த்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம் மாணவர் ஒருவர் சாதி வெறியால் வீடு புகுந்து வெட்டப்பட்டார். வெட்டியவர்கள் அவரோடு பயின்ற பள்ளி மாணவர்கள். அதன்பின் அமைந்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையின் பரிந்துரைகளுள் ஒன்று, மாணவரை அகர வரிசைப்படி அமர்த்துதல் வேண்டும் என்பதாகும். சாதிக்கொரு பெஞ்சு தானாகவே உருவாவதைத் தடுக்கும் எளிய வழி அது.

2025 ஜூலையில், ‘ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்’ என்னும் மலையாளப் படம் எழுப்பிய சிந்தனையின் விளைவாக, வகுப்பறைகளில் ப வடிவில் இருக்கைகளை அமைக்கும் முயற்சி நம் மாநிலத்திலும் தொடங்கிற்று. கடைசி பெஞ்சு என்பதே இராது என்பது அதன் நோக்கம். பக்கவாட்டில் இருப்போர் கழுத்தைத் திருப்பியே கரும்பலகையைக் காண வேண்டும், பிள்ளைகள் மிகுந்த சிறிய அறைகளுக்கு இது ஒவ்வாது என்னும் மறுப்புகள் எழவே, அது நிறுத்தி வைக்கப்பட்டது. நோக்கம் நன்று, ஒரே வடிவம் எல்லா அறைக்கும் பொருந்தாது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

நாம் செய்யத்தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றே. இருக்கையை யாரும் தீர்மானிக்காமல் விட்டுவிட்டால், ஊர் வழக்கம் அதைத் தீர்மானிக்கும். ஆகவே அது விதியால் தீர்மானிக்கப்படல் வேண்டும். அவ்விதி கற்றலை நோக்கியதாக இருத்தல் வேண்டும்.

மாலை வகுப்புகளில் கற்பிக்கும் நம் இளைஞர்கள் முதலில் இதனைக் கைக்கொள்வாராக. வாரந்தோறும் வரிசைகளை முறை வைத்து மாற்றுக. முன்னிருந்தோர் பின்னும் பின்னிருந்தோர் முன்னும் வருக. பார்வையும் செவியும் குறைந்த பிள்ளைகளுக்கு மட்டும் முன்னிடம் நிலையாக இருக்கட்டும். எழுத்து வேலைக்கு வரிசை, உரையாடலுக்கு அரைவட்டம் என மாற்றிக்கொள்க; நம் கூடங்களில் உள்ளவை பெரும்பாலும் பாய்களே ஆதலின் அதற்குச் செலவு ஏதும் இல்லை. பாடம் நடத்துவோர் ஓரிடத்தில் நில்லாது கடைசிப் பிள்ளையின் அருகிலும் சென்று நிற்க. நமக்குள்ளேயே உட்பிரிவு பார்த்து ஒதுங்கி அமரும் வழக்கம் எங்கேனும் தலைகாட்டினால் அதை அன்றே களைக. பெண் பிள்ளைகளைப் பின் வரிசைக்குத் தள்ளுவதும் அதே நோயின் வேறு வடிவம் என்று உணர்க.

பெற்றோர் தம் பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், இன்று எங்கே அமர்ந்தாய், யார் அருகில் அமர்ந்தாய், ஆசிரியரிடம் ஒரு கேள்வியேனும் கேட்டாயா என்று வினவுவாராக. விடையில் மூலையின் நிழல் தெரிந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் அதனை எடுத்துரைக்கத் தயங்கற்க. அதற்கான சட்டம் நம் பக்கம் உள்ளது.

மாணவச் செல்வங்களே! சாக்கைச் சுமந்து சென்று மூலையில் அமர்ந்து படித்த சிறுவர் இந்நாட்டின் அரசியலமைப்புச் சட்ட வரைவுக்குழுவின் தலைவராக உயர்ந்தார். மூலை அவரை உயர்த்தவில்லை. மூலையையும் மீறி அவர் உயர்ந்தார். எல்லாப் பிள்ளைகளும் அவ்வாறு மீறி எழ வேண்டும் என்று கேட்பது நீதியாகாது. மீறுவதற்கு மூலையே இல்லாத வகுப்பறையை அமைப்பது நம் கடமை. வரும் திங்கட்கிழமை மாலை வகுப்பில் பாய்களை விரிக்கும்போதே அக்கடமையைத் தொடங்குவோமாக.