நாய் மார்க் பிளேட்

சங்கீதத்தைத் தட்டில் பதித்து விற்கலாம் என்று உலகம் அறிந்துகொண்ட தொடக்க காலத்தில், அந்த வியாபாரத்தை நடத்தியவர்களுக்கே தாங்கள் விற்பது யந்திரமா, தட்டா, அல்லது இவ்விரண்டையும் கடந்த வேறொன்றா என்பது தெளிவாக விளங்கவில்லை. 1898ல் லண்டனில் கிராமபோன் கம்பெனியைத் தொடங்கிய வில்லியம் பாரி ஓவன் என்ற அமெரிக்கர் சூதாட்டக்காரனின் துணிச்சல் உடையவர். ஆயினும் இந்தப் பாட்டுப் பெட்டி மோகம் எத்தனை நாளைக்கு என்ற அச்சம் அவரையும் விடவில்லை. ஆகவே 1900ஆம் ஆண்டின் இறுதியில் டைப்ரைட்டர் விற்பனையையும் சேர்த்துக்கொண்டு, கம்பெனியின் பெயரையே 'கிராமபோன் அண்ட் டைப்ரைட்டர்' என்று மாற்றினார். டைப்ரைட்டர் விலைபோகவில்லை, 1907ல் அதைப் பெயரிலிருந்தும் கழற்றிவிட்டார்கள். இவ்வளவு தடுமாற்றத்துக்கு இடையே, எந்த ஆலோசனையும் இல்லாமல், வாசல் வழியே தானாக வந்து சேர்ந்த சொத்துத்தான், நம் ஊர்த் தனவந்தர் வீட்டுக் கூடங்கள் முதல் காபி ஹோட்டல்கள் வரையில் பிரசித்தி பெற்ற, பாட்டுப் பெட்டியின் குழாய் முன் அமர்ந்து கேட்கும் அந்த நாய்ப் படம்.

நாயின் பெயர் நிப்பர். 1884ல் பிரிஸ்டல் நகரில் பிறந்தது. அங்கே நாடகக் கொட்டகையில் காட்சித் திரைகள் எழுதி வந்த மார்க் பராட் என்பவரால் வளர்க்கப்பட்டது. 1887ல் அவர் இறந்துபோகவே, ஓவியரான அவருடைய சகோதரர் பிரான்ஸிஸ் பராட்டிடம் வந்து சேர்ந்தது. இறந்துபோன எஜமானனின் குரல் பெட்டியிலிருந்து வரக் கேட்டு நாய் ஏங்கி நிற்கிறது என்றும், அது உட்கார்ந்திருக்கும் பளபளப்பான பலகை எஜமானனின் சவப்பெட்டி என்றும் உருக்கமாகச் சொல்வார் பலர் உண்டு. நல்ல கதை, ஆனால் எடிசனின் திருத்தப்பட்ட மெழுகு உருளை யந்திரம் கடைக்கு வந்ததே 1888ல்தான் என்பதை நினைத்தால், அதற்கு முந்திய ஆண்டிலேயே காலமான மார்க் பராட்டின் குரல் உருளையில் பதிந்திருக்க இடமில்லை. நிப்பரும் 1895ல் இறந்துவிட்டது. ஓவியர் படத்தைத் தீட்டியது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, நினைவிலிருந்து. 1899 பிப்ரவரியில்தான் அதைப் பதிப்புரிமைக்காகப் பதிவு செய்தார்.

அப்போது படத்தில் இருந்தது கிராமபோன் அன்று. கறுத்த குழாயுடன் கூடிய எடிசன் வகைப் போனோகிராப். படத்தை அந்த யந்திரத்தை விற்பவர்களிடம் கொண்டு சென்றபோது, நாய்கள் போனோகிராப் கேட்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். பளிச்சென்ற பித்தளைக் குழாய் ஒன்று இருந்தால் படம் எடுப்பாக இருக்கும் என்று யாரோ யோசனை சொல்ல, அதை இரவல் கேட்பதற்காக 1899 மே மாதத்தில் பராட் மெயிடன் லேன் என்ற தெருவிலிருந்த கிராமபோன் கம்பெனிக்குப் போனார். ஓவன் படத்தின் புகைப்படத்தைப் பார்த்தார். போனோகிராபை அழித்துவிட்டு எங்கள் கிராமபோனை எழுதித் தந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றார். படத்துக்கு ஐம்பது பவுன், அதன் பதிப்புரிமைக்கு ஐம்பது பவுன். தக்க வெளிச்சத்தில் பார்த்தால் மூலப் படத்தில் பழைய யந்திரத்தின் கோடுகள் புதிய வர்ணத்துக்கு அடியில் இன்றும் புலப்படும் என்பர்.

இந்த மாற்றத்தில் ஒரு விபரீதம் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. போனோகிராப் உருளையில் வீட்டிலிருந்தபடியே யாரும் தம் குரலைப் பதிந்துகொள்ளலாம். ஆகையால் அதனருகே அமர்ந்து எஜமானன் குரலை ஒரு நாய் கேட்பது நியாயமே. எமில் பெர்லினர் 1887ல் பேடண்ட் பெற்ற கிராமபோனோ கேட்பதற்கு மட்டுமே உரியது. வீட்டுக்காரன் தன் குரலை அதில் ஏற்ற வழி கிடையாது. அதன் பலம் வேறிடத்தில் இருந்தது. ஒருமுறை பதித்த பாட்டிலிருந்து அச்சு எடுத்து, ஆயிரக்கணக்கான தட்டுகளை ஒரே மாதிரியாக அழுத்தி எடுக்கலாம். உருளைக்காரர்களுக்கு அந்நாளில் அது எளிதன்று. எனவே நாய் கேட்கும் குரல் எந்த எஜமானனுடையது என்ற கேள்விக்குக் கம்பெனி வியாபார ரீதியில் விடை தேட வேண்டியதாயிற்று. என் அபிப்பிராயத்தில் இதுவே அவர்களுடைய வெற்றியின் மர்மம்: எஜமானன் ஸ்தானத்தில் மகா வித்துவானைக் கொண்டுவந்து அமர்த்தினார்கள்.

1902 ஏப்ரலில் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க், மிலான் நகரத்து ஹோட்டல் அறை ஒன்றில் கரூஸோ என்ற இளம் பாடகரைப் பத்துப் பாட்டுகள் பாடச் செய்தார். சன்மானம் நூறு பவுன். இவ்வளவு தொகை கூடாது என்று லண்டனிலிருந்து தந்தி வந்ததாகவும், அதை அவர் பொருட்படுத்தவில்லை என்றும் சொல்லப்படுகிறது. அத்தட்டுகள் அந்தத் தொகையைப் போலப் பன்மடங்கு ஈட்டித் தந்தன. அமெரிக்காவில் நாய்ச் சின்னத்தின் உரிமையைப் பெற்றிருந்த எல்ட்ரிட்ஜ் ஜான்ஸனின் விக்டர் கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 'சிவப்பு முத்திரை' என்று தனி வரிசை ஒன்றை வகுத்து, பாடுகிறவருடைய கீர்த்திக்கு ஏற்ப விலையையும் ஏற்றிற்று. ஆறு பேரும் புகழ்பெற்றவர்களாகச் சேர்ந்து பாடிய ஒரு பாட்டை, ஒரு பக்கம் மட்டுமே பதிந்த தட்டாக, ஏழு டாலருக்கு விற்றது. அரக்கை அதிகமாகச் சேர்த்து விலையை உயர்த்தவில்லை. சாமானியத் தட்டுக்கும் அதற்கும் சரக்கில் பெரிய பேதமும் இல்லை. வாங்கியவன் கௌரவத்துக்காக வாங்கினான். 1906ல் அதே கம்பெனி குழாயை மரப்பெட்டிக்குள் மறைத்து 'விக்ட்ரோலா' என்ற யந்திரத்தை வெளியிட்டபோது, பித்தளைக் குழாய் பழம்பொருளாகத் தொடங்கிவிட்டது. ஆனால் சின்னத்திலிருந்த குழாயை மாற்ற யாரும் துணியவில்லை. அந்த விவேகத்தை நான் மெச்சுகிறேன்.

லண்டன் கம்பெனிக்கு நாயின் அருமையை உணர்த்தியது நீதிமன்றம். தேவதை ஒன்று இறகு எழுதுகோலால் தட்டில் எழுதுவது போன்ற சின்னத்தையே அவர்கள் முதலில் தட்டுகளில் பொறித்து வந்தார்கள். 1909ஐ ஒட்டித்தான் நாய் அந்த இடத்துக்கு வந்தது. மறு ஆண்டில், 'கிராமபோன்' என்ற சொல் பொதுச் சொல்லாகிவிட்டது, அதை ஒருவர் மட்டும் உரிமை கொண்டாட இயலாது என்று தீர்ப்பாயிற்று. பேடண்ட் உரிமைக்குக் காலக்கெடு உண்டு, பெயரும் பறிபோயிற்று, பிறர் தொட முடியாமல் மிஞ்சியது படம் ஒன்றே. அதன் பிறகு அவர்கள் விளம்பரமெல்லாம் அதைச் சுற்றியே நடந்தது. பராட்டுக்கு இதே படத்தை மீண்டும் மீண்டும் எழுதுவதே தொழிலாயிற்று. 1924ல் இறப்பதற்குள் இருபத்து நான்கு பிரதிகள் எழுதினார், கம்பெனி உபகாரச் சம்பளமும் கொடுத்தது. அந்த முதல் விலை மிகக் குறைவு என்று இரங்குவாரோடு நான் சேரமாட்டேன். படத்துக்கு மதிப்பை உண்டாக்கியது தூரிகையன்று, பாடியவர்களின் தொண்டை.

இந்தியாவிலும் அதே முறையைத்தான் கையாண்டார்கள். கெய்ஸ்பர்க் 1902 நவம்பரில் கல்கத்தாவில் ஒலிப்பதிவு செய்தபோது, பாடகி கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் ஆங்கிலத்தில் தம் பெயரைச் சொல்லி முடித்தார். தட்டுகளை அழுத்தி எடுத்த ஹானோவர் தொழிற்சாலையில் பாஷை தெரியாதவர்களுக்கு அது அடையாளம். 1908ல் கல்கத்தாவில் சியால்டாவிலேயே தொழிற்சாலை ஏற்பட்டது. பிறகு அது டம்டமுக்குப் பெயர்ந்தது. நாய் மார்க்கின் கௌரவம் கெடாமல் எளியவர்களையும் பிடிப்பதற்காக 'ட்வின்' என்ற மலிவான தட்டையும் அதே கம்பெனி விற்றது. ஆனாலும் களம் முழுவதும் அவர்களுக்கே விடப்படவில்லை. காரைக்குடியிலிருந்து வந்த ஏ.வி.மெய்யப்பன் 1932ல் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி ஓடியன் மார்க் தட்டுகளை விற்றார். தமிழர் ரசனையை உள்ளூர்க்காரர் அறிந்த அளவு வேறு யார் அறிவார்? அந்த வியாபாரத்திலிருந்தே அவர் சினிமாவுக்குப் போனார்.

நாயின் உரிமை மட்டும் தேசந்தோறும் துண்டுபட்டுப் போயிற்று. 1929ல் விக்டரை ஆர்.சி.ஏ. என்ற கம்பெனி வாங்கிற்று, ஜப்பானில் விக்டரின் கிளையாகப் பிறந்த கம்பெனி தனிவழி சென்றது, லண்டன் கம்பெனி 1931ல் கொலம்பியா கம்பெனியுடன் இணைந்து இ.எம்.ஐ. ஆயிற்று. அதனால் 1953ல் இ.எம்.ஐ. அமெரிக்காவில் சொந்தமாகத் தட்டு விற்கப் புகுந்தபோது, அங்கே நாய் மற்றொருவர் சொத்தாக இருக்கவே, கைவிட்ட பழைய தேவதையைத் தேடி எடுத்துச் சூட்டிக்கொள்ள நேர்ந்தது.

நம் நாட்டுக் கிளை கைமாறி, 2000ல் சரிகம என்று பெயர் மாறியது. 2017ல் அது 'கார்வான்' என்ற சிறு பெட்டியில் ஐயாயிரம் பழைய ஹிந்திப் பாட்டுகளை அடைத்து விற்றது; பின்பு தமிழ்ப் பாட்டுகளுடனும் அது வந்தது. வயோதிகர்களுக்குப் பரிசளிக்கப் பிள்ளைகள் அதை விரும்பி வாங்கினார்கள். யந்திரத்தின் திறமைக்காக யாரும் அதை வாங்கவில்லை. அதைவிடத் திறமையான யந்திரம் வாங்கியவர் ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் இருந்தது.