மருதையாறு ராஜினாமா செய்யவில்லை

அரியலூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? சிமென்ட் ஆலைகள். கொஞ்சம் வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். 'ரயில் கவிழ்ந்த ஊராச்சே!' என்பார்கள். கையோடு, 'லால்பகதூர் சாஸ்திரி ராஜினாமா பண்ணினாரே...' என்று அடுத்த வரியும் வரும்.

சரி, அந்த ரயிலை விழுங்கிய ஆற்றின் பெயர் என்ன? இங்கேதான் பலரும் விழிப்பார்கள்.

மருதையாறு. பெரம்பலூர் பக்கம் பச்சைமலையில் பிறந்து, அரியலூர்ச் சீமையைக் கடந்து கொள்ளிடத்தில் கலக்கிற சின்ன ஆறு. பல மாதங்கள் வெறும் மணல்தான். ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். மலையில் மழை கொட்டினால் மட்டும் ஆளே மாறிவிடும்.

1956 நவம்பர் 23 அன்று அப்படித்தான் மாறியிருந்தது. விடிந்தும் விடியாத நேரம். சென்னையிலிருந்து கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டி, கல்லகம் ஸ்டேஷனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பயணிகள் பலர் தூக்கத்தில். மருதையாற்றுப் பாலத்தருகே வெள்ளம் அடிமண்ணை அரித்துவிட்டிருந்தது. ரயிலின் எடையைப் பாதை தாங்கவில்லை. இன்ஜினும் முன்பக்கப் பெட்டிகளும் ஆற்றுக்குள் போய்விட்டன. இறந்தவர்கள் கிட்டத்தட்ட 150 பேர்.

அதே வருஷம் செப்டம்பரில் மெஹபூப்நகரில் இதே மாதிரி ஒரு விபத்து. நூறு பேருக்கு மேல் பலி. அப்போதே ரயில்வே அமைச்சர் சாஸ்திரி பதவி விலக முன்வந்தார். நேரு விடவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். 'தவறு அவருடையது என்பதற்காக அல்ல, ஒரு நல்ல முன்னுதாரணத்துக்காக' என்ற பொருளில் நாடாளுமன்றத்தில் விளக்கமும் சொன்னார்.

தமிழ்நாட்டில் கதை வேறு திசையில் போனது. ரயில்வே துணை அமைச்சராக இருந்தவர் செங்கல்பட்டுக்காரரான ஓ.வி.அழகேசன். அரியலூர், அழகேசன்... மோனை தானாக வந்து விழுந்துவிட்டதே, சும்மா விடுவார்களா? 1957 தேர்தலில் தி.மு.க. மேடைகளில் இரண்டு பெயரையும் கோத்து முழங்கிய கோஷம் இன்றைக்கும் பெரியவர்கள் வாயில் அப்படியே இருக்கிறது.

கவனியுங்கள். ஏழு பத்தாண்டுகள் ஆகியும் ஒரு வரி மறக்கவில்லை. காரணம், அது சந்தத்தோடு இருந்தது. ஆனால், அந்த வரியில் அமைச்சர் இருக்கிறார், ஊர் இருக்கிறது, செத்தவர்கள் இருக்கிறார்கள். ஆறு மட்டும் இல்லை!

அதற்கு முந்தைய தலைமுறைக்கு வேறு ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளம் வந்தால், ரயில் கவிழ்ந்தால், கொலை விழுந்தால் உடனே ஒரு சிந்துப் பாட்டு அச்சாகிவிடும். மட்டமான காகிதம், சில பக்கங்கள், காலணா அரையணா விலை. சந்தையிலும் ரயிலடியிலும் நின்று பாடிக்கொண்டே விற்பார்கள். இதற்கு 'குஜிலி' என்று பெயர். வரலாற்றாய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி இவற்றை 'முச்சந்தி இலக்கியம்' என்று அழைத்து ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். படித்தவர்கள் மூக்கைச் சுளித்த இந்தப் பாட்டுகள்தான் எழுத்துக் கூட்டத் தெரியாதவனுக்கு நியூஸ் பேப்பர். எந்த ஊர், எந்த நாள், என்ன சேதம் என்று பாட்டிலேயே வந்துவிடும்.

இன்றைக்கு நமக்கு வெள்ளச் செய்தி எப்படி வருகிறது? 'விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி திறப்பு. கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்.' கன அடியை வைத்துக்கொண்டு ஒரு பாட்டி என்ன செய்வார்? 'உங்க தாத்தா காலத்துல பிள்ளையார் கோயில் ரெண்டாம் படி வரைக்கும் ஏறுச்சு, அவ்வளவு வரப்போகுது' என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த நிமிஷம் மாட்டை அவிழ்த்துவிடுவார்!

ஜப்பானில் அனெயோஷி என்று ஒரு குக்கிராமம். 1933 சுனாமியில் ஊரே அழிந்தது. தப்பியவர்கள் மலைச்சரிவில் ஒரு கல் நட்டு, இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று எழுதி வைத்தார்கள். பேரப்பிள்ளைகள் கேட்டார்கள். 2011-ல் வந்த பேரலை அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. மேலே இருந்த வீடுகள் தப்பின.

ஜப்பான்வரை போவானேன்? அரியலூர் மாவட்டத்திலேயே கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. வடக்கே ஜெயித்துவிட்டு வந்த ராஜேந்திர சோழன், வெற்றித்தூணைக் கல்லில் நடவில்லை. சோழகங்கம் என்ற ஏரியை வெட்டினான். நீரால் ஆன வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதைக் கொண்டாடுகிறது. ஆற்று வெள்ளம் கால்வாய் வழியே வந்து இங்கே அடங்கும். 19-ம் நூற்றாண்டில் பார்த்தவர்கள், 16 மைல் நீளக் கரை இருந்தது, ஏரிக்குள் காடு மண்டிக் கிடந்தது என்று எழுதினார்கள். பொன்னேரி என்ற பெயரில் மிச்சம் இன்றும் இருக்கிறது. ராஜேந்திரன் பிறந்த ஆடித் திருவாதிரைக்கு விழா எடுக்கிறார்கள். கடாரம் வென்ற கதை மேடையேறுகிறது. வெள்ளத்தைப் பிடித்து ஏரியில் அடைத்த கதையையும் ஒரு கூத்தாக ஆடினால் என்ன?

இன்னொன்று. காவிரிக்கு ஆடிப்பெருக்கு உண்டு. மருதையாறு பெருகுவது ஐப்பசி, கார்த்திகையில். அதற்குப் பண்டிகை கிடையாது. ஆனால், தேதி ஒன்று தயாராக இருக்கிறது. பெரம்பலூரிலிருந்து பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்து அரியலூர் தனி மாவட்டமானது 2007-ல். நாள் என்ன தெரியுமா? நவம்பர் 23. ரயில் கவிழ்ந்த அதே நாள்!

வருஷா வருஷம் அந்த நாளில் ஆற்றோர ஊர்ப் பிள்ளைகள் ஒரு வேலை செய்யலாம். வீட்டுப் பெரியவர்களிடம் 'தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?' என்று கேட்டு, பள்ளிச் சுவரிலும் கோயில் மதிலிலும் நீலப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் வருஷத்தை எழுதலாம். பாடத் தெரிந்தவர் இருந்தால் ஒரு சிந்தும் கட்டலாம்.

கேட்க வேண்டியவர்களுக்கு இப்போதே எண்பது வயது. சீக்கிரம் கேளுங்கள்.