கழுத்து நாடி சொன்ன சேதி



கீழ்த்தாடைக்குச் சற்றுக் கீழே, குரல்வளையின் ஒரு புறத்தே விரலை மெல்ல வைத்துப் பாருங்கள். அங்கே துடிப்பது தலைக்குக் குருதியைக் கொண்டு செல்லும் கழுத்து நாடி. அதனை அழுத்தினால் மனிதன் மயங்குவான் என நம்பிய பண்டைக் கிரேக்கர், மயக்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதற்குப் பெயரிட்டனர். கரோட்டிட் என்னும் இன்றைய பெயர் அதன் வழிவந்ததே. இந்நாடி இதயத்துக்கு வரக்கூடிய ஆபத்தையும் முன்னுணர்த்தும் என்பதை மனிதர் அறிய நெடுங்காலம் சென்றது.

1664ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் தோமஸ் வில்லிஸ், மூளையின் அமைப்பைப் பற்றிய தமது நூலில் ஒரு விந்தையைக் குறிப்பிட்டார். வேறு நோயால் இறந்த ஒருவரின் உடலை அறுத்துப் பார்த்தபோது, வலப்புறக் கழுத்து நாடி கல்லைப்போல் இறுகி அடைபட்டிருந்தது. ஆயினும் அவருக்குப் பாரிசவாதம் வந்ததில்லை. வேறொரு நாடி பருத்து, மூளைக்கு வேண்டிய குருதியை ஊட்டி வந்தது. நோய் முற்றியும் மௌனமாகவே இருந்தது!

1904ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பீலிக்ஸ் மார்ஷான்ட் இந்நோய்க்கு அதிரோஸ்கிளிரோசிஸ் எனப் பெயரிட்டார். கூழ், இறுக்கம் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. நாடிச் சுவரின் உட்புறத்தே கொழுப்பு கூழ்போற் படிந்து, காலப்போக்கில் நாரும் சுண்ணமும் சேர்ந்து இறுகுகின்றது.

கழுத்தில் உள்ள படிவுக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். இது ஓரிடத்து நோயன்று. நாடிகள் பலவற்றையும் பற்றும் நோய். 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரில் 5,209 பேரைக் கொண்டு தொடங்கிய ஆய்வு, உயர்ந்த குருதியமுக்கம், மிகுந்த கொலஸ்திரோல், புகைத்தல் ஆகியன இதய நோய்க்கு வழிகோலுவதைக் காட்டிற்று. அவையே கழுத்து நாடியையும் கெடுக்கின்றன. இதயத்தின் நாடிகளோ விலா எலும்புகளுக்குப் பின்னே, ஓயாது துடிக்கும் தசையின்மேல் உள்ளன. கழுத்து நாடி தோலுக்கு அண்மையில் இருப்பதால் நோக்குவதற்கு எளிது.

1927ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில் எகாஸ் மோனிஸ், நாடிக்குள் மருந்து செலுத்தி எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தார். உயிருள்ளவரின் மூளை நாடிகளைக் காணும் வழி அதனாற் பிறந்தது. எனினும் அது நோவும் ஆபத்தும் நிறைந்தது. 1986ஆம் ஆண்டில் இத்தாலியரான பாவோலோ பிக்னோலியும் அவருடன் உழைத்தோரும், செவிக்கு எட்டாத ஒலியலைகளால் நாடிச் சுவரின் தடிப்பை அளந்து, நுணுக்குக்காட்டியில் அளந்ததோடு ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தக் கண்டனர். ஊசியும் கத்தியும் இன்றி நாடிச் சுவரை அளக்க முடிந்தது.

ஆயினும் புதுக் கருவி கிடைத்தவுடன் அதனை யாவருக்கும் பயன்படுத்துதல் அறிவாகாது. சுவரின் தடிப்பை அளப்பது சிலருக்குத் தகும் என 2010இல் கூறிய அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்கள், 2013இல் அதனை வழக்கமான சோதனையாகச் செய்ய வேண்டாம் என்றன. வேறு வழிகளால் அறிந்ததற்கு மேல் அது அதிகம் சொல்லவில்லை. 2016இல் ஐரோப்பிய வழிகாட்டல் மேலும் தெளிவு தந்தது: தடிப்பை அளத்தல் வேண்டாம், படிவு உண்டா எனக் காண்பது சிலரின் ஆபத்தைக் கணிக்க உதவக்கூடும்.

படிவு விதியன்று, எச்சரிக்கை. அது தென்பட்டவர் அஞ்சி ஒடுங்க வேண்டியதில்லை. தென்படாதவர் புகைத்துத் திரியவும் கூடாது. வில்லிஸ் கண்ட மனிதருக்கு எச்சரிக்கை கிட்டவில்லை. நமக்குக் கிட்டுகின்றது. கேட்டு நடப்பது நம் பொறுப்பு.